பழைய ஆர்.பி.ஜி. விளையாட்டுகள்: கன்சோலா, லேப்டாப்பா, டேப்லெட்டா?

அக்கா மகன் கோவையில் படிப்பை முடித்துவிட்டுக் கோத்தகிரிக்கே திரும்பி வந்துவிட்டான். வீட்டிலிருந்தபடியே வேலை. சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே, அந்தப் பழைய கேமெல்லாம் இப்போ கன்சோல்லயே வந்துடுச்சு. எதுல விளையாடினா நல்லாயிருக்கும்? ஒண்ணு வாங்கிட்டா அஞ்சாறு வருஷத்துக்கு மாத்த முடியாது."

அவன் கேட்டது பழைய ஆர்.பி.ஜி.களைப் பற்றி, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் நடந்து போகிற விளையாட்டுகள். அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. டிவியோடு இணைக்கிற பிளேஸ்டேஷன் 4 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். கையில் பிடித்து விளையாடுகிற நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கலாம். எதையும் வாங்காமல், இருக்கிற லேப்டாப்பிலேயே விளையாடலாம். அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட் ஒன்றும் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கிறது. அவன் ஆசைப்படுகிற விளையாட்டுகளில் முக்கியமானவை இந்த நான்கிலுமே கிடைக்கின்றன. விளையாட்டு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கருவியிலும் அது வேறு அனுபவமாக மாறிவிடுகிறது. அதனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் யோசித்து, பேசி, சிலவற்றைத் திரும்ப விளையாடிப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தோம். மலைப்பக்கம் இருக்கிற வேறு யாருக்காவது இதே குழப்பம் வரலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

இவை படிக்கிற விளையாட்டுகள்

2001இல் குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் பால்டர்ஸ் கேட் விளையாட்டை முதலில் பார்த்தேன். பயோவேர் உருவாக்கி 1998இல் வெளிவந்தது. ஐந்து சிடி. ஊர் விட்டு ஊர் போகும்போது அடுத்த சிடியைப் போடச் சொல்லும். நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். திரையில் வரும் ஆங்கிலத்தில் பாதி புரியாது. சென்டர் அண்ணன் ஒரு பழைய அகராதியை மேசையில் போட்டு வைத்திருந்தார். ஒருவர் மவுஸைப் பிடிப்போம், ஒருவர் அகராதியைப் புரட்டுவோம். எதிரியோடு சண்டை போட்ட நேரத்தைவிட, பேச்சைப் படித்துப் புரிந்துகொண்டு எந்தப் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாதாடிய நேரம்தான் அதிகம். என் ஆங்கிலத்தில் பெரும்பங்கு அந்த மேசையில் வந்தது.

ஆகவே ஒரு போர்ட்டை, அதாவது ஒரு கருவிக்காக எழுதியதை இன்னொரு கருவிக்கு மாற்றித் தருவதை, எடை போடும்போது நான் கிராபிக்ஸை முதலில் பார்ப்பதில்லை. இதில் நிம்மதியாகப் படிக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். அடுத்ததாக, யோசிப்பதற்காக ஆட்டத்தை நிறுத்தினால், யோசித்ததைச் சிரமமில்லாமல் செய்ய முடிகிறதா என்று. அப்புறம், மூலத்தில் இருந்ததில் எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று. இந்த மூன்றில் முதலாவதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மாப்பிள்ளையும் தமிழ் மீடியம்தான் என்பதால் அவனுக்கும் அதுவே முக்கியம்.

பால்டர்ஸ் கேட்: மவுஸும் கன்ட்ரோலரும்

பால்டர்ஸ் கேட் வந்த காலத்திலேயே அதை முதல் பிளேஸ்டேஷனுக்கு மாற்றும் வேலை தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்டது. அதன் பிறகு 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த 'பால்டர்ஸ் கேட்: டார்க் அலையன்ஸ்' பெயரில் மட்டும்தான் சொந்தம். அது ஓடி ஓடி வெட்டுகிற ஆக்‌ஷன் விளையாட்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த டார்க் அலையன்ஸ் 2021இல் புதிய கன்சோல்களுக்கும் மறுபடி வந்திருக்கிறது. கடையில் தேடும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அவசரத்தில் மாற்றி வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

உண்மையான பால்டர்ஸ் கேட்டை பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து 2012இல் முதல் பாகத்தையும், 2013இல் இரண்டாம் பாகத்தையும் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது. அந்தப் புதுப்பித்த பதிப்புகள் 2019 அக்டோபரில் ஸ்கைபவுண்ட் என்ற வெளியீட்டு நிறுவனம் மூலம் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூன்றுக்கும் வந்தன. இரண்டு பாகங்களும், அவற்றின் கூடுதல் கதைகளும் ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. கதையில் எதையும் வெட்டவில்லை. மூன்றாவது கேள்விக்கு இங்கே முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். இந்த விளையாட்டில் உங்களோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட கூட்டம். சண்டை தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எல்லாம் உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுவோம். மவுஸில் இது கை தட்டுகிற நேரம். முன்னால் நிற்கிற இரண்டு வீரர்களைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தால் இருவரும் சேர்ந்து கட்டளைக்குக் காத்திருப்பார்கள். மந்திரவாதியின் நெருப்புப் பந்தை எதிரிக் கூட்டத்தின் பின்வரிசையில், நம் ஆள் மேல் படாத இடமாகப் பார்த்து வைக்கலாம். நம் ஆளையும் அது சுடும், அதனால் ஒரு விரல் அகலம் தவறினாலும் நட்டம் நமக்கு.

கன்சோலில் இடது குச்சியைத் தள்ளினால் ஆள் நேரடியாக நடக்கிறான். தேவைப்பட்டால் கர்சருக்கும் மாறிக்கொள்ளலாம். ஊருக்குள் சுற்றும்போது இது மவுஸைவிட இதமாக இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தரையைக் கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சண்டை வந்தால்தான் தெரியும், ஒவ்வொரு ஆளாக மாறி, மெனுவைத் திறந்து, மந்திரத்தைத் தேடி, குறியை நகர்த்தி வைப்பதற்குள் மவுஸைப் போல் இரண்டு மடங்கு நேரமாகிறது. ஆட்டம் நின்றுதானே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஒரு சண்டையில் இருபது முறை நிறுத்த வேண்டி வந்தால் மனம் சலித்து, சரி ஓடட்டும் என்று விட்டுவிடுவோம். அப்போதுதான் ஆள் சாவார்கள்.

அதிலும் முதல் பாகத்தின் தொடக்கம் கொடுமையானது. முதல் நிலையில் ஒரு மந்திரவாதியின் உயிர் நான்கிலிருந்து ஆறு புள்ளிதான். ஒரு அம்பு போதும். விதிகள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய இரண்டாம் பதிப்பைச் சேர்ந்தவை. கவசத்தின் எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். இது புரியாமல் பெரிய எண் பார்த்துக் கவசம் வாங்கியவர்கள் எங்கள் சென்டரிலேயே இருந்தார்கள். கன்ட்ரோலரில் தொடங்குகிறவர்கள் முதல் பத்து மணி நேரத்தைப் பொறுமையாகக் கடந்துவிட வேண்டும். மூன்றாம் நிலைக்கு மேல் ஆட்களுக்குத் தெம்பு வந்துவிடும், கையும் பழகிவிடும். புதுப்பித்த பதிப்பில் யாரும் சாகாத, கதைக்கான எளிய நிலை ஒன்று இருக்கிறது. முதல் முறை விளையாடுகிறவர் அதை வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

லேப்டாப் பதிப்புக்கு இன்னொரு பலம் மாட்கள். ரசிகர்கள் இருபது வருடமாக எழுதிச் சேர்த்த மாற்றங்கள், புதிய துணைவர்கள், எதிரிகளைப் புத்திசாலிகளாக்கும் திருத்தங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கன்சோலில் அதற்கு வழியில்லை. ஆனால் முதல் முறை ஆடுகிறவருக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒரு முறை முழுதாக முடித்தவர்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இப்போது முதல் கேள்வி, படிப்பது. ஸ்விட்ச்சின் திரை 6.2 அங்குலம், ஓலெட் மாடல் 7 அங்குலம், லைட் 5.5 அங்குலம். கம்ப்யூட்டர் மானிட்டருக்காக எழுதிய ஒரு விளையாட்டை இந்த அளவில் பார்க்கும்போது எழுத்துகள் மிகவும் பொடியாகிவிடுகின்றன. என் வயதுக்கு அது ஆகாது. இளம் கண்ணுக்கும் இரவில் இரண்டு மணி நேரம் அதைப் படிப்பது நல்லதில்லை. ஸ்விட்ச்சை டிவியோடு இணைத்தால் இந்தக் குறை தீரும். ஆனால் எப்போதும் டிவியில்தான் வைக்கப் போகிறோம் என்றால் ஸ்விட்ச் எதற்கு?

லேப்டாப்பில் படிப்பது சுகம். எழுத்தின் அளவைக் கூட்டலாம், தெரியாத வார்த்தையைப் பக்கத்திலேயே அகராதியில் தேடலாம். பழைய லேப்டாப்பே போதும், பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். காகிதத்தில் லேப்டாப்தான் ஜெயிக்கிறது. ஆனால் மாப்பிள்ளை ஒன்று சொன்னான். "காலைல ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அந்த மேசைல அந்த லேப்டாப் முன்னாடிதான் உட்கார்றேன் மாமா. மறுபடி அங்கேயே உட்கார முடியாது." இதற்கு என்ன பதில் சொல்வது? எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இந்த வரி இருக்காது. ஆனால் விளையாடுவானா மாட்டானா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

டிவியில் வைத்துப் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எழுத்து பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. அவன் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டான், நான் சத்தமாகப் படித்தேன். புரியாத இடத்தில் தமிழில் சொன்னேன். சமையலறையில் இருந்த அக்கா, "அந்தக் கிழவரைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். 2001இல் அந்த சென்டர் மேசையில் நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. மவுஸா கன்ட்ரோலரா என்ற வாதத்தில் கன்ட்ரோலர் தோற்றாலும், பால்டர்ஸ் கேட்டுக்கு டிவி கன்சோலையே நான் சிபாரிசு செய்வது இதனால்தான். தனியாக இருப்பவர் என்றால் லேப்டாப். வீட்டில் கூடப் படிக்க ஒருவர் இருந்தால் கன்சோல்.

டார்மென்ட்டை டிவியில் விளையாடாதீர்கள்

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் 1999இல் பிளாக் ஐல் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. கிறிஸ் அவலோன் தலைமை வடிவமைப்பாளர். பிணவறையில் கண் விழிக்கிற ஒருவன், தான் யாரென்றே தெரியாதவன், சாக முடியாதவன். அவன் தன்னைத் தேடுவதுதான் கதை. சுமார் 8 லட்சம் வார்த்தைகள் கொண்டது என்று சொல்வார்கள். சண்டை மிகக் குறைவு, இருக்கிற சண்டையும் அத்தனை சிறப்பில்லை. இந்த விளையாட்டின் உயிர் முழுவதும் பேச்சில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தோடு அரைமணி நேரம் பேசுவீர்கள். பதில் தேர்வுகள் ஆறேழு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவைத் திறக்கும்.

புதுப்பித்த பதிப்பு 2017இல் கம்ப்யூட்டருக்கும் மொபைலுக்கும் ஒன்றாக வந்தது. 2019இல் ஐஸ்விண்ட் டேலோடு சேர்ந்த தொகுப்பாகக் கன்சோலுக்கும் வந்தது. கன்சோல் பதிப்பில் தவறு என்று எதுவும் இல்லை. ஆனால் பத்தடி தள்ளியிருக்கிற டிவியில் ஒரு நாவலை யாரும் படிக்க மாட்டார்கள். பால்டர்ஸ் கேட்டின் பேச்சு நாடகம் மாதிரி, சத்தமாகப் படிக்கலாம். டார்மென்ட்டின் பேச்சை மனதுக்குள் தான் படிக்க வேண்டும். சில இடங்களில் திரும்பப் படிக்க வேண்டும், சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதில் பேசுகிறவர்களின் கொச்சை மொழியும் அந்த உலகத்துக்கே உரியது, முதலில் தலை சுற்றும்.

அதற்கு டேப்லெட்தான் சரி. மடியில் வைத்துக்கொண்டு, விரலால் பதிலைத் தொட்டு, புத்தகம் மாதிரி போகலாம். சண்டையின்போது விரல் திரையை மறைக்கும், அது உண்மை. சண்டை குறைவான விளையாட்டு என்பதால் தாங்கிக்கொள்ளலாம். இதே காரணத்தால் பால்டர்ஸ் கேட்டை டேப்லெட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆறு பேர் நெருக்கியடித்து நிற்கும்போது யாரைத் தொட்டோம் என்றே தெரியாது. வாங்குவதற்கு முன் உங்கள் டேப்லெட்டில் ஸ்டோர் அதை நிறுவ அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விளையாட்டு, புதிய ஆண்ட்ராய்டு என்றால் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

ஐஸ்விண்ட் டேலைப் பற்றிச் சுருக்கமாக. 2000இல் அதே பிளாக் ஐல் செய்தது. பனி மலைகளில் நடக்கிற கதை, ஜெரமி சோல் இசை. பேச்சு கொஞ்சம், சண்டை நிறைய. அப்படியானால் கன்ட்ரோலருக்கு ஆகாது என்று நினைப்போம். ஆனால் இதில் ஆறு பேரையும் நாமேதான் உருவாக்குகிறோம். நான்கு முரட்டு வீரர்கள், காயம் ஆற்ற இரண்டு பூசாரிகள் என்று கட்டிவிட்டால் கட்டளைகள் குறைந்துவிடும், கன்ட்ரோலரே போதும். டிசம்பர் கடைசியில் வெளியே புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும்போது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதை விளையாடுவது தனி சுகம். கம்பளிக்குள் கன்ட்ரோலரைப் பிடிக்கலாம். மவுஸ் என்றால் கை வெளியே விறைத்துப் போகும்.

கன்ட்ரோலருக்கு இயல்பாகவே பொருந்துவது 2002இல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ். ஒரு நாயகன், ஒரு துணைவன், அவ்வளவுதான். கம்ப்யூட்டரிலேயே வலது கிளிக்கில் வட்டமாக விரிகிற மெனுதான் இருந்தது, அது குச்சிக்காகவே செய்த மாதிரி. 2019 டிசம்பரில் வந்த கன்சோல் பதிப்பு கையில் நன்றாக அமர்கிறது. ஆனால் அந்த விளையாட்டு இத்தனை வருடம் உயிரோடு இருப்பது, அதோடு வந்த உருவாக்கும் கருவியால். ரசிகர்கள் தாங்களே சாகசங்களை எழுதி ஆயிரக்கணக்கில் வெளியிட்டார்கள். கூட வந்த மூலக் கதை சுமார்தான், ரசிகர்கள் எழுதியவற்றில் சில அதைவிடப் பல மடங்கு மேல். அந்தக் கருவி கன்சோலில் இல்லை. கை வசதிக்காகக் கன்சோலில் வாங்கினால் விளையாட்டின் பெரும்பகுதியை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். இதை லேப்டாப்பில்தான் வாங்க வேண்டும், சனி ஞாயிறில் விளையாடினாலும் பரவாயில்லை என்று அவனிடம் உறுதியாகச் சொன்னேன்.

இன்னும் பழையவை

கன்சோல் போர்ட் என்பது புதிதில்லை. நாம் சின்ன வயதில் பார்த்த 'டிவி கேம்' கேசட்டுகளின் காலத்திலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் ஆர்.பி.ஜி.களை அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் பக்கம் அவை வரவில்லை. இங்கே கிடைத்த கேசட்டுகள் குதிப்பதற்கும் சுடுவதற்கும்தான். சேவ் செய்ய உள்ளே பேட்டரி வைத்த கேசட்டை நான் பார்த்ததே கிடையாது.

அந்தப் போர்ட்களில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதிய விசர்ட்ரி 1981இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. கோடுகளால் வரைந்த சுரங்கம், பத்துத் தளங்கள், ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம். கிராஃப் நோட்டில் நாமே வரைபடம் போட வேண்டும். 1987இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்த போர்ட்டில் ஜுன் சுயேமி அரக்கர்களைப் புதிதாக வரைந்தார், கென்டாரோ ஹனேடா இசை அமைத்தார். மூலத்தைவிட அழகான போர்ட் அது. ஆனால் அதில் ஒரு பிழை உண்டு, கவசத்தின் எண் சண்டையில் வேலையே செய்யவில்லை. விலை கொடுத்து வாங்கிய கேடயம் வெறும் அலங்காரம். இன்று விசர்ட்ரி விளையாட நினைப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம். டிஜிட்டல் எக்லிப்ஸ் 2024இல் வெளியிட்ட மறுஉருவாக்கம் கன்சோல்களில் எல்லாம் கிடைக்கிறது. பழைய ஆப்பிள் 2 நிரலின் மேல்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் மூல விளையாட்டு ஓடுவதையும் பார்த்துக்கொள்ளலாம். வினிஃபிரட் ஃபிலிப்ஸின் இசைக்கு 2025இல் கிராமி விருது கிடைத்தது. கட்டம் கட்டமாக நகர்கிற, முறை வைத்துச் சண்டை போடுகிற விளையாட்டு என்பதால் கன்ட்ரோலருக்கு எந்தக் குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கன்சோலில் வாங்கலாம்.

இதற்கு நேர் எதிர் அல்டிமா 7. ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா வரிசையில் 1992இல் வந்தது. ஒரு கொலையோடு தொடங்குகிற கதை. கம்ப்யூட்டரில் மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டியே சுடலாம். இங்கே பேக்கரியில் வர்க்கி போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எத்தனை சந்தோஷம் தந்தது என்று சொல்லத் தெரியவில்லை. 1994இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு மாற்றியபோது துணைவர்கள் எல்லோரையும் எடுத்துவிட்டார்கள், நாயகன் தனியே அலைகிறான். கொலைகளைக் கடத்தல்களாக மாற்றிவிட்டார்கள். என் மூன்றாவது கேள்வியை நான் எப்போதும் கேட்பதற்கு இந்தப் போர்ட்தான் காரணம். அல்டிமா 7 வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் மட்டும். அதற்கு முன் 1985இல் வந்த நான்காம் பாகம், கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கிற ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அரக்கனைக் கொல்வது நோக்கமில்லை, எட்டு நற்பண்புகளில் தேறுவதுதான். ஊர் மக்களிடம் கேட்க வேண்டிய சொல்லை நாமே டைப் செய்ய வேண்டும். விசைப்பலகை இல்லாமல் அந்தச் சுகம் வராது.

டயப்லோ மாதிரி ஓடி ஓடி வெட்டுகிற வகை வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கன்சோல்தான். 1998இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டயப்லோவில் ஒரே திரையில் இரண்டு பேர் விளையாடலாம். 2021இல் வந்த டயப்லோ 2 புதுப்பதிப்பில் குச்சியால் நேரடியாக நடத்துவது கிளிக் செய்வதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஒரே டிவியில் இருவர் விளையாட வழி இல்லை, இது எனக்கு வருத்தம்.

கரண்ட், ஈரம், இன்டர்நெட்

சமவெளியில் இருப்பவர்கள் எழுதுகிற ஒப்பீடுகளில் இவை வராது. எங்களுக்கு இவை பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்தால் மரம் விழுந்து கம்பி அறுவது வாடிக்கை. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து சாலைகளே போய்விட்டன, கரண்ட் வர நாளாயிற்று. அதனால் எந்தக் கருவியானாலும் முதல் கேள்வி, திடீரென்று அணைந்தால் என்ன ஆகும் என்பது.

லேப்டாப், டேப்லெட், ஸ்விட்ச் மூன்றிலும் பேட்டரி இருக்கிறது, இங்கே அவைதான் முன்னால் நிற்கின்றன. ஸ்விட்ச்சில் ஒரு பொத்தானை அழுத்தி எந்த நொடியிலும் உறங்க வைக்கலாம். ஆனால் உறக்கம் என்பது சேவ் இல்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் பேட்டரி முழுதாக வடிந்தால், சேவ் செய்யாதது போனது போனதுதான். பிளேஸ்டேஷன் திடீரென்று அணைந்தால், அடுத்த முறை தொடங்கும்போது தன் சேமிப்பைச் சரிபார்த்துக்கொண்டு நேரம் எடுக்கும். அடிக்கடி நடந்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதில்லை. டிவிக்கும் கன்சோலுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் போட்டே ஆக வேண்டும், அதன் விலையையும் கன்சோல் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பால்டர்ஸ் கேட் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது தானாகவே சேவ் செய்யும், அது பாதி ஆறுதல்.

அடுத்தது ஈரம். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. டிஸ்க் உறையிலும் பிடிக்கும், டிஸ்க் படிக்கிற கண்ணாடியிலும் பிடிக்கும். செகண்ட் ஹேண்ட் கன்சோலை இங்கேயே வாங்குவதானால் ஒரு டிஸ்க்கைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கீழேயிருந்து கொண்டு வந்த கருவியைப் பையிலிருந்து எடுத்தவுடனே ஆன் செய்யாமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஓரிரு மணி நேரம் விட்டு வையுங்கள். சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், டிஸ்க் வைக்கிற டப்பாவில் போட்டு வையுங்கள்.

இன்டர்நெட்டைப் பொறுத்தவரை பழைய விளையாட்டுகள் நமக்கு நண்பர்கள். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3க்குக் கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறார்கள். மழைக்காலத்து இணைப்பில் அதை இறக்கி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும். பழையவை சில ஜிபிதான். கன்சோலில் பால்டர்ஸ் கேட், டார்மென்ட்–ஐஸ்விண்ட் டேல், நெவர்வின்டர் நைட்ஸ் மூன்று தொகுப்புகளும் டிஸ்க்காகவும் வந்திருக்கின்றன. லேப்டாப்பில் ஜிஓஜியில் வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு இன்டர்நெட்டே வேண்டாம்.

ஸ்விட்ச் இங்கே பெரும்பாலும் இறக்குமதியாக வருவதுதான். பழுதானால் கோவைக்குக் கீழே இறங்க வேண்டும், அங்கேயும் உத்தரவாதம் கேட்க முடியாது. பொடி எழுத்தோடு இதுவும் சேர்ந்ததால் அதைக் கைவிட்டோம். பஸ்ஸில் தினமும் மேட்டுப்பாளையம் போய்வருகிறவராக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன், அதுவும் விசர்ட்ரிக்காக மட்டும்.

கடைசியில் அவன் வாங்கியது ஒரு செகண்ட் ஹேண்ட் பிளேஸ்டேஷன் 4, ஒரு யுபிஎஸ், பால்டர்ஸ் கேட் தொகுப்பின் டிஸ்க். டேப்லெட்டில் டார்மென்ட் ஏறிவிட்டது, அதை அவன் இரவில் தனியாகப் படிக்கிறான், நான் எதுவும் கேட்பதில்லை. அல்டிமா 4 லேப்டாப்பில் சும்மா கிடக்கிறது. பால்டர்ஸ் கேட்டில் இப்போது நாஷ்கெல் ஊரில் இருக்கிறோம். மின்ஸ்க் என்ற முரட்டு வீரன் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான், கையில் ஒரு வெள்ளெலி வைத்திருக்கிறான், அக்காவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. டைனஹெய்ர் என்ற பெண்ணை மீட்டுத் தரச் சொல்கிறான், தாமதித்தால் நம்மையே அடிக்க வருவான். சனிக்கிழமை ராத்திரி, கரண்ட் இருந்தால், மேற்கே கிளம்புகிறோம்.